ஐயா எழுதாத பரீட்சை

“மாமா, அம்மப்பா ஏன் கவர்மெண்ட் வேலையை விட்டவர்?”

ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகள் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். பிறந்தநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் மட்டும் அழைக்கும் பிள்ளை, காரணம் எதுவுமின்றி அழைத்துத் தன் பாட்டனார் வேலையை விட்ட கதையைக் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. ஐயா 2004இல் காலமானபோது அவளுக்கு மூன்று வயது. புகைப்படத்தில் மட்டுமே அவரை அறிந்தவள்.

விசாரித்தபோது காரணம் வெளிவந்தது. அவள் ஒரு நாவலை வாசித்து முடித்திருந்தாள். அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ரொத், ஐயா காலமான அதே 2004இல் வெளியிட்ட நாவல் அது. ‘அமெரிக்காவுக்கு எதிரான சதி’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். 2020இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 1940ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்றுப்போய், அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனி விமானத்தில் கடந்த வீரரும் நாசி ஜேர்மனியோடு போர் வேண்டாம் என்று முழங்கியவருமான சார்ள்ஸ் லிண்ட்பேர்க் ஜனாதிபதியாகிவிட்டால் என்ன நடந்திருக்கும் என்ற கற்பனைதான் கதை. நியூவார்க் நகரத்து யூதக் குடும்பம் ஒன்றின் சிறுவன் அதைச் சொல்கிறான். அவனுடைய தந்தை காப்புறுதிக் கம்பனி ஒன்றின் முகவர். யூதக் குடும்பங்களைத் தூரத்து மாநிலங்களுக்குப் பிரித்தனுப்பும் அரசாங்கத் திட்டத்தின் கீழ் அவரைக் கென்டக்கிக்கு இடமாற்றுகிறார்கள். அவர் போக மறுத்து, வேலையை உதறிவிட்டு, தமையனின் காய்கறிக் களஞ்சியத்தில் கூலிவேலைக்குப் போகிறார்.

“எங்கட அம்மப்பா மாதிரித்தானே, மாமா?”

அந்த ஒற்றுமை எனக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது. அவள் நிறுத்தவில்லை. “இதை மாற்று வரலாறு எண்டு சொல்லுகினம். உண்மையிலேயே இப்பிடி ஒரு இயக்கம் ஆட்சியைப் பிடிச்சிருந்தா, நீங்கள் என்ன செய்திருப்பியள்?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். முப்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு உடனடிப் பதில் வராத கேள்விகள் குறைவு. இது வரவில்லை. ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அவள் கேட்ட முதற் கேள்விக்கு வருகிறேன். ஐயா 1953இல் தபாற் பகுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். ஊர்வழக்கில் கிளாக்கர். நயினாதீவிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போன இளைஞர் எவருக்கும் தெற்கில்தான் முதல் நியமனம். ஐயாவுக்குக் களுத்துறை. அங்கே ஒரு சிங்கள மூதாட்டியின் வீட்டில் அறையெடுத்துத் தங்கியிருந்தார். அந்த அம்மையாரிடமும் கந்தோர் நண்பர்களிடமும் பழகி, இரண்டு வருடங்களில் சிங்களம் பேசவும் பத்திரிகை வாசிக்கவும் பழகிக்கொண்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. களுத்துறையில் இருப்பவன் களுத்துறைக்காரரின் பேச்சைப் பேசாமல் எப்படி இருப்பது என்பதே அவருடைய எண்ணமாக இருந்திருக்கும்.

1956 ஏப்ரலில் பொதுத்தேர்தல். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் சிங்களத்தை ஆட்சிமொழியாக்குவேன் என்று சொல்லிக்கொண்டு எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி வந்தது. தெரிவு செய்யப்படும் 95 ஆசனங்களில் 51ஐ வென்றது. வாக்குகளிலே பார்த்தால் நூற்றுக்கு நாற்பது அளவுதான். ஆண்டுகொண்டிருந்த ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களோடு சுருண்டது. அந்தக் கட்சியும் தேர்தலுக்குச் சற்று முன்னர், பெப்ரவரியில், களனியில் கூடித் தனிச் சிங்களக் கொள்கையையே ஏற்றிருந்தது என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். இரண்டு கடைகளிலும் ஒரே சரக்கு. முதலில் விற்றவரிடம் சனம் வாங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்தத் தேர்தலில் வாக்களித்த சிங்களக் கிராமத்தவர் எல்லோரும் எங்களை வெறுத்து வாக்களித்தவர்களல்லர். ஆங்கிலம் தெரிந்தவர் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லாத நாட்டிலே நீதிமன்றமும் கச்சேரியும் ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தன. தன் காணி வழக்கில் என்ன தீர்ப்பு வந்தது என்று தெரியாமல் ஒரு விவசாயி நீதிமன்ற வாசலில் நிற்பது கொடுமை. அந்தக் கொடுமை வல்வெட்டித்துறையானுக்கும் இருந்தது, வலஸ்முல்லையானுக்கும் இருந்தது. அந்த நியாயமான கோபத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட்டவர்களைப் பற்றியே நான் பேசுகிறேன்.

அவர்கள் யார்? களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர் முன்னின்று நடத்திய ஐக்கிய பிக்கு முன்னணி, கொழும்பின் பிரபல பாடசாலை ஒன்றின் அதிபராக இருந்த எல்.எச். மேத்தானந்த, கே.எம்.பி. ராஜரத்ன போன்றோர். இவர்கள் நாடாளும் பலத்தோடு தேர்தலில் வென்றவர்களல்லர். பிரதமராக வென்றவர் ஒக்ஸ்பேட்டில் படித்த, இனிமையாகப் பேசக்கூடிய பண்டாரநாயக்க. 1926இல், தமது இருபத்தேழாவது வயதில், இலங்கைக்குச் சமஷ்டி முறையே பொருத்தம் என்று பத்திரிகையில் தொடர் கட்டுரை எழுதியவர் அவர். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்து அதைப் பற்றி உரையாற்றியவரும் அவரே. சமஷ்டி கேட்டுத் தமிழரசுக் கட்சி பிறப்பதற்கு இருபத்துமூன்று வருடங்களுக்கு முன்னர்! ரொத்தின் நாவலில் லிண்ட்பேர்க் வேண்டும். நமக்கு லிண்ட்பேர்க்கே தேவைப்படவில்லை. ரூஸ்வெல்ட்டைப் போன்ற ஒருவர், வெல்வதற்கு வேறு வழியில்லை என்று கண்டு, அவர்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

தோளில் ஏறியவர்கள் இறங்கவில்லை. அந்த ஆண்டு மொழிச் சட்டமூலத்திலே தமிழின் பயன்பாட்டுக்குச் சில சலுகைகளைச் சேர்க்கப் பண்டாரநாயக்க முற்பட்டபோது, எஃப்.ஆர். ஜயசூரிய என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் பாராளுமன்றக் கட்டடத்திலேயே உண்ணாவிரதமிருந்தார். சலுகைகள் நீக்கப்பட்டன. எஞ்சியது சில வரிகளில் அடங்கிவிடும் ஒரு சட்டம். ஜூன் 5ஆம் திகதி அது சமர்ப்பிக்கப்பட்ட அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகமிருந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல் தாக்கியது. பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றனர். 66க்கு 29 என்ற வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. 

எதிர்த்து வாக்களித்தவர்களில் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாவும் ஒருவர். ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று அன்று அவர் எச்சரித்ததை எங்கள் பேச்சாளர்கள் இன்றுவரை மேடைகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே கொல்வின்தான் 1972இல் அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து, சிங்களத்தை அரசியலமைப்பிலேயே ஆட்சிமொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கி, சிறுபான்மையினருக்கு ஓரளவு காப்பாயிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவையும் கைவிட்ட குடியரசு யாப்பை ஆக்கினார் என்பதை அந்தப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. ஒரு மனிதர் பதினாறு வருடங்களில் அவ்வளவு தூரம் நடந்தார். தீவிரவாதிகள் அவரிடம் போகவில்லை. அவர்தான் போனார்.

ஐயாவின் கதை இங்கே மறுபடி வருகிறது. 1958 மே மாதக் கலவரத்தின்போது களுத்துறை மூதாட்டி அவரைத் தன் வீட்டு நெல் வைக்கும் அறையில் மூன்று நாட்கள் பூட்டி வைத்திருந்தாராம். பிறகு கொழும்பு அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கினார். “வாழ்நாளெல்லாம் வள்ளத்தில போனனான். அண்டைக்குத்தான் கப்பலில ஏறினனான்” என்று பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வார். சில மாதங்களின் பின் மறுபடியும் களுத்துறைக்கே வேலைக்குப் போனார். போகாதே என்று அப்பாச்சி அழுதாவாம்.

1961 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து தனிச் சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதவேண்டும். சித்தியடையாவிட்டால் சம்பள உயர்ச்சி இல்லை. ஐயாவுக்கு அந்தப் பரீட்சை தண்ணீர்பட்ட பாடு. அவருடைய கந்தோரில் அவரிடம் கடிதம் எழுதுவித்துக்கொண்ட சிங்கள நண்பர்களே இருந்தார்கள். ஆனால் அவர் எழுதவில்லை. 1964இல் வேலையை விட்டு, கிடைத்த சிறுதொகையோடு நயினாதீவுக்கு வந்து, இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேநீரும் சோடாவும் பனங்கட்டியும் விற்கும் ஒரு கடை போட்டார். ஏன் என்று கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: “படி எண்டு சொன்னாப் படிச்சிருப்பன். படிக்காட்டிச் சோறில்லை எண்டினம்.”

அம்மாவுக்கு இந்த வீரத்தில் பெரிய மதிப்பிருக்கவில்லை. ஐயா தலைமைத் தபாலதிபராக ஓய்வு பெற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய ஓய்வூதியத்தை அவர் சாகும்வரை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டின் மாற்று வரலாற்று ஆசிரியை அவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஐயாவின் சிங்களம் நயினாதீவிலேதான் முழுப் பயனுக்கு வந்தது. எங்கள் தீவுக்கு இரண்டு இறங்குதுறைகள். ஒன்று நாகபூசணி அம்மன் கோயிலுக்கு முன்னால். மற்றது நாகவிகாரைக்கு முன்னால். குறிகட்டுவானிலிருந்து இருபது நிமிடக் கடல். தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்களுக்கு இது நாகதீபம். புத்தர் இலங்கைக்கு வந்த இரண்டாவது தடவை இங்கே காலடி வைத்தாரென்று மகாவம்சம் சொல்கிறது. மாமனும் மருமகனுமான இரண்டு நாக மன்னர்கள் ஒரு மணியாசனத்துக்காகப் போருக்கு நிற்க, புத்தர் நடுவில் வந்து பிணக்கைத் தீர்த்தாராம். மணிமேகலையிலும் ஏறக்குறைய இதே கதை. மணிபல்லவத்தில் ஒரு பீடிகைக்காக இரு அரசர் பொருகிறார்கள், புத்தர் அமைதிப்படுத்துகிறார். ஆசனத்துக்கான சண்டை என்பதால் நாட்டின் அரசியலுக்கு இதைவிடப் பொருத்தமான தலபுராணம் கிடையாது என்று ஐயா சொல்வார். வெயிலில் களைத்து வரும் சிங்கள ஆச்சிமாருக்கு அவர் சிங்களத்தில் தேநீர் விற்றார். விகாரைக்கும் கோயிலுக்கும் இரண்டுக்கும் போகும்படி வழி சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் இரண்டுக்கும் போனார்கள். கோயிலுக்கு அண்மையிலுள்ள அமுதசுரபி அன்னதான மடத்தில் சோறுண்டு போனவர்களும் உண்டு.

அந்தக் கோயிலில் ஒரு கல் இருக்கிறது. சிறுவயதில் எத்தனையோ தடவை அதைக் கடந்து ஓடியிருக்கிறேன். அது என்னவென்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப்போன பிறகே தெரிந்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்ட நயினாதீவுக் கல்வெட்டு அது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் பாதுகாக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கைப் பண்டாரம் எடுத்து, மூன்று பங்கை உடையவனுக்கு விடவேண்டும். வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. இவ்வளவும் தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது.

யார் வாசிக்கவேண்டுமோ அவர்களுக்கு விளங்கும் மொழியில் எழுதினான் அந்த மன்னன். அவனுக்கு அதில் ஓர் அவமானமும் தோன்றவில்லை. சிங்களம் அழிந்துவிடும் என்று எந்தப் பண்டிதரும் அவனுடைய அரண்மனைத் திண்ணையில் உண்ணாவிரதம் கிடந்ததாகச் செய்தியில்லை. வேண்டியது யானையும் குதிரையும். அவை வரும் துறையில் கப்பற்காரர் பேசியது தமிழ். எண்ணூறு ஆண்டுகள் கழித்து, அதே துறையைச் சேர்ந்த ஒரு தபாற் கிளாக்கரிடம் அரசு பேசிய முறையை இதனோடு ஒப்பிடாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

எங்களுக்கும் ஒரு கிளைபிரியும் இடம் இருந்தது. மாற்று வரலாறு எழுதுவோர் அப்படி ஒரு புள்ளியைத்தான் தேடுவார்கள். 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தமிழ் தேசிய சிறுபான்மையினரின் மொழியாக ஏற்கப்படும். வடக்கு கிழக்கில் நிருவாகம் தமிழில் நடக்கும். வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ மேலோ. காணி, விவசாயம், கல்வி, மீன்பிடி போன்றவற்றில் அவற்றுக்கு அதிகாரம். ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்த்தன கண்டி தலதா மாளிகைக்கு எதிர்ப்பு யாத்திரை புறப்பட்டு இம்புல்கொடவில் தடுக்கப்பட்டார். வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. எங்கள் பக்கம் தார் பூசினோம். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி றொஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு வாசலில் பிக்குமார் திரண்டு அமர்ந்தார்கள். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் முடிந்தது. ஒன்றரை மாதத்தில் கலவரம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அதே வீட்டில் தல்துவே சோமராம என்ற பிக்கு அவரைச் சுட்டார். சதிக்குத் தலைவர் என்று நீதிமன்றம் கண்டது, அவரை அரியணை ஏற்றிய புத்தரக்கித்த தேரரை.

அந்த ஏப்ரல் நாளில் பண்டாரநாயக்க பின்கதவால் கந்தோருக்குப் போயிருந்தால்? நான் பல இரவுகள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான் காணும் அந்த இலங்கை பெரும் சுவர்க்கமல்ல. சலிப்பூட்டும் ஒரு நாடு. வட பிராந்திய சபை யாழ்ப்பாணத்தில் கூடுகிறது. தீவுப்பகுதி உறுப்பினர் எழுந்து, நயினாதீவு இறங்குதுறை திருத்துவதற்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று மூன்றாவது வருடமாகக் கேட்கிறார். வலிகாமத்து உறுப்பினர் கொட்டாவி விடுகிறார். சாதி பார்த்து ஒப்பந்தவேலை கொடுத்தார்கள் என்று ஒரு சச்சரவு. நிருபர் வாங்கில் இருந்து நான் குறிப்பெடுக்கிறேன். மறுநாள் அது நாலாம் பக்கத்தில், மரண அறிவித்தலுக்கு மேலே வருகிறது. ஐயா வேலணையிலோ நல்லூரிலோ தபாலதிபராயிருந்து, தமிழில் முத்திரை குத்தி, ஓய்வூதியம் வாங்கி, அம்மாவிடம் ஏச்சு வாங்காமல் கண்மூடுகிறார். என் தங்கை கனடாவுக்குப் போகவில்லை. ஆகவே தொலைபேசியில் கேள்வி கேட்கும் இந்த மருமகளும் இல்லை. அங்கே வந்ததும் என் கற்பனை நின்றுவிடும்.

ரொத்தின் நாவலில் 1942இல் லிண்ட்பேர்க்கின் விமானம் மறைந்து போகிறது. ரூஸ்வெல்ட் மீள வருகிறார். வரலாறு பழைய தண்டவாளத்தில் ஏறிக்கொள்கிறது. எங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. 1983ஐ எழுதவேண்டியதில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘குமுதினி’ப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். நாங்கள் அன்றாடம் போய்வரும் கடல் அது. 1986இல் அம்மன் கோயில் தாக்கப்பட்டது. அது இரண்டாந் தடவை. முதற்றடவை 1958இல். அதே 1958இல் எங்கள் தீவின் நாகவிகாரையும் தாக்கப்பட்டது. செய்தவர்கள் சிங்களவரல்லர். இதையும் என் மருமகள் தெரிந்துகொள்ளவேண்டும். யாத்திரை வந்தவர்களுக்குத் தேநீர் விற்ற ஐயா அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

பிறகு வந்த காலத்தில் நான் செய்தியாசிரியர் மேசையில் இருந்தேன். 2012இல் பொது பல சேனா உருவானதையும், 2014 ஜூனில் அளுத்கம எரிந்ததையும் தலைப்பிட்டவன் நான். இம்முறை இலக்கு முஸ்லிம்கள். 2015 பொதுத்தேர்தலில் அந்த அமைப்பின் ஆதரவோடு நின்றவர்களுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் அன்று சிரித்தோம். நானும் சிரித்தேன். 1956ஐப் படித்தவன் சிரித்திருக்கக்கூடாது. 2019 நவம்பரில் கோத்தாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாகி, அநுராதபுரத்தில் ருவன்வெலிசாயவுக்கு முன்னால் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்குகளால் தாம் வென்றதை அங்கேயே எடுத்துச் சொன்னார். 2020இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் உறவினர் கதறக் கதற எரிக்கப்பட்டன. 2021 ஒக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைவராக, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையிருந்து பொதுமன்னிப்புப் பெற்ற கலகொட அத்தே ஞானசார தேரர் நியமிக்கப்பட்டார். ஓர் ஆசனமும் வெல்லாத இயக்கத்தின் முகம் அரசாங்க வர்த்தமானியில் வந்துவிட்டது. 2022 ஜூலையில் கோத்தாபய நாட்டைவிட்டு ஓடினார். அவரை ஓடவைத்தது பசி. இனவாதத்தின் மீதான வெறுப்பு என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் எரிவாயு வரிசையில் நின்றவன் நான்.

இனி அவளுடைய இரண்டாவது கேள்வி. அப்படி ஓர் இயக்கம் ஆட்சியிலிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்பது.

அவள் நினைத்தது, என்னைத் துரத்தும் ஓர் ஆட்சியை. ஆனால் அந்தக் கேள்வியின் பொருள் அதுமட்டுமன்று. நாவலில் நியூவார்க்கின் மற்ற மனிதர்களும் இருக்கிறார்கள், அடுத்த வீட்டார் இடம்பெயர்க்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். என்னைப் பொறுத்தவரை அதற்கு விடை கற்பனையில் இல்லை. திகதியோடு இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பல்கலைக்கழக மாணவன். தீவுப்பகுதி படையினர் வசமாகிவிட்டதால் ஊருக்குப் போகமுடியாமல் யாழ்ப்பாண நகரில் ஓர் அறையில் இருந்தேன். யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அன்று காலை சோனகதெருப் பகுதியில் ஒலிபெருக்கி. முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறவேண்டும். நகையும் பணமும் பொருட்களும் வழியில் பறிக்கப்பட்டன. சில நாட்களுக்குள் வடமாகாணத்தில் ஒரு முஸ்லிம் குடும்பமும் இல்லை என்ற நிலை. மொத்தம் 75,000 பேரளவில் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை.

நான் சைக்கிளில் அந்தப் பக்கத்தால் போனேன். ஒரு தையற்காரர். வழக்கமாக எனக்குத் தைப்பவர். நயினாதீவிலிருந்து வருகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை “தீவுத் தம்பி” என்று அழைப்பார். கையில் ஒரு குழந்தையும் தோளில் ஒரு பையுமாக வீதியோரம் நின்றார். என்னைக் கண்டார். நான் கண்டதை அவர் கண்டார் என்பது எனக்கு நிச்சயம். பிரேக் பிடிக்கவில்லை. ஆயுதமுடைய இளைஞர்கள் நின்றார்கள், பயம், உண்மை. ஆனால் பயம் முழுக் காரணமல்ல. இரண்டு நாட்களின் பின்னர் அந்த வழியால் மறுபடி போனேன். அவருடைய கடையின் பலகைகள் பெயர்க்கப்பட்டு, உள்ளே துணிகள் இறைந்து கிடந்தன. ஒரு கால்சட்டைக்கு வெட்டக் கொடுத்த சாம்பல் நிறத்துணி அவரிடம் இருந்தது. போயிற்றே என் துணி என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதன் பிறகே குழந்தை நினைவுக்கு வந்தது.

இதைப் பத்திரிகையில் நான் எழுதியதில்லை. போர்க்காலத்தில் எழுத முடியாது என்பது ஒரு சாக்கு. 2009க்குப் பிறகு எழுதாமைக்குச் சாக்கு எதுவுமில்லை. 2003இல், சமாதானக் காலத்தில், புத்தளத்து அகதி முகாம்களுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். இரண்டு நாட்கள் ஓலைக் குடிசைகளுக்கிடையே நடந்தேன். யாழ்ப்பாணத்துத் தையற்காரர்கள் என்று விசாரித்து மூவரைக் கண்டேன். அவர் அவர்களில் இல்லை. பெயர் சொல்லி விசாரிக்கலாம் என்று பார்த்தால், அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டிருக்கவில்லை.

ஆனி மாதம் அம்மன் கோயில் கொடியேற்றத்துக்குத் தாயுடன் வருவதாக மருமகள் சொல்லியிருக்கிறாள். அம்மப்பாவின் கடை இருந்த இடத்தைக் காட்டவேண்டுமாம். கடை இல்லை, அந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி அட்டை விற்கிறார்கள். கல்வெட்டைக் காட்டலாம். விகாரைக்கும் கூட்டிப்போகலாம், பத்து நிமிட நடைதான். கால்சட்டைத் துணியின் கதையைக் குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்திருக்கும்போது சொல்வதா, திரும்பி வரும்போது சொல்வதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.